சொந்த வீட்டின் பூட்டு

தொற்றுக் காலத்தில் அந்நியரை விமான நிலையத்தில் நிறுத்துவது அரசுகளுக்குப் புதிதல்ல. சொந்தக் குடிமக்களையே நிறுத்தினால்? கொரோனா இரண்டாம் அலையில் இந்தியா தத்தளித்தபோது, 2021 மே 3 முதல் ஆஸ்திரேலியா அதைத்தான் செய்தது. முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்தவர் நாடு திரும்பினால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 66,600 ஆஸ்திரேலிய டாலர் அபராதம். இங்கே தவித்தவர்கள் சுமார் 9,000 பேர்.

தனிமை முகாம்களில் தொற்று பெருகுவதாகக் காரணம் சொன்னது அரசு. அமெரிக்காவும் பிரிட்டனும் தத்தளித்தபோது இந்தக் கடுமை எங்கே போயிருந்தது என்று கேட்டார்கள் எதிர்ப்பாளர்கள்.

மே 15ல் தடை முடிந்தது. அன்று டார்வினில் இறங்கிய முதல் விமானத்தில் ஏறக்குறைய பாதி இருக்கைகள் காலி. சோதனையில் தொற்று தெரிந்தவர்களும் அவர்களோடு இருந்தவர்களும் டெல்லியிலேயே விடப்பட்டனர். வீடு அதிகம் தேவைப்பட்டவர்களுக்கு அன்றும் கதவு திறக்கவில்லை.