செக் பவுன்ஸ் ஆன சேதி யாருக்கு?

ஒரு கடைக்கு இரண்டு பங்குதாரர்கள். பேங்கில் போட்ட செக் பவுன்ஸ் ஆகிவிட்டது. முதல் பங்குதாரர் போய்க் கேட்டதும் கிளார்க் சேதியைச் சொன்னார். சொன்ன கையோடு குறிப்பைக் கிழித்தும் போட்டுவிட்டார். மறுநாள் இரண்டாமவர் கேட்டால், "ஒரு பிரச்சினையும் இல்லை சார்!"

எந்த பேங்கிலும் இது நடக்காது. ஆனால் லினக்ஸில் பல வருடங்கள் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

ஒரு புரோகிராம் ஃபைலில் எழுதுவது உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் மெமரியில் இருக்கும். கெர்னல் பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் எழுதும். "நிஜமாகவே எழுதியாச்சா?" என்று கேட்பதற்குத்தான் எஃப்சிங்க். எழுதும்போது பிழை வந்தால், கெர்னல் அந்த ஃபைலுக்கு ஒரு அடையாளக் கொடி ஏற்றும். முதலில் எஃப்சிங்க் கேட்டவருக்குப் பிழை தெரியும், கொடி இறங்கிவிடும். அடுத்து கேட்பவருக்கு? வெற்றி!

2017ல் வந்த லினக்ஸ் 4.13ல் ஜெஃப் லேட்டன் இதை மாற்றினார். அவருடைய 'எர்செக்' முறையில் கொடிக்குப் பதில் ஒரு 32 பிட் எண். என்ன பிழை என்பதற்கு 12 பிட், யாராவது பார்த்தாச்சா என்பதற்கு 1 பிட், மீதி 19 பிட் வரிசை எண். ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் கடைசியாகப் பார்த்த எண் இருக்கும். எண் மாறியிருந்தால் புதுப் பிழை. ஒருவர் பார்த்துவிட்டார் என்பதற்காக மற்றவருக்கு மறைந்துவிடாது. வவுச்சருக்கு நம்பர் போடுகிற அதே யோசனைதான்!

இதோடு கதை முடியவில்லை. 2018ல் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்காரர்கள் இன்னொரு ஓட்டையைக் கண்டார்கள். எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயல்வது அவர்கள் வழக்கம். ஆனால் எழுத முடியாமல் போன பக்கத்தையும் இஎக்ஸ்டி4 'எழுதியாச்சு' கணக்கில் சேர்த்துவிடும். இரண்டாம் முறை எழுத ஒன்றும் பாக்கி இல்லை, ஆகவே வெற்றி! அதை நம்பி, மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைத்த லாகையும் கழித்துவிட்டால், டேட்டா போனது போனதுதான்.

2019 பிப்ரவரியில் வந்த 11.2 முதலான பதிப்புகளில் இதற்கு வழி செய்தார்கள். எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே போஸ்ட்கிரஸ் வேலையை நிறுத்திவிட்டு, லாகைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறது.

டிஸ்க் என்றைக்காவது கெடத்தான் செய்யும். கெட்ட சேதி தெரிய வேண்டியவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் லாக் கையில் இருக்கும்போதே டேட்டாவைக் காப்பாற்ற முடியும்.