மீதி இருபத்து மூன்று மணி நேரம்

காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவரிடம் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது, முகம் மாறிவிடும். மெரினாவிலோ பெசன்ட் நகர்க் கடற்கரையிலோ ஏழு மணிக்கு மேல் நின்று பாருங்கள். வியர்வை காய்வதற்குள் பாதிப் பேர் டிஃபன் கடையில் இருப்பார்கள். நெய் மிதக்கும் பொங்கல், பக்கத்தில் மெதுவடை, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி. வடைக்கு நான் விரோதி இல்லை. அதை நடைக்கான கூலியாக வாங்கிக்கொள்வதுதான் இடிக்கிறது. அப்புறம் வீடு, பேப்பர், டிவி, மதியத் தூக்கம் என்று நாள் முழுக்க நாற்காலிதான்.

நாற்காலி இதயத்துக்கு ஆகாது என்பதை முதலில் கண்டுகொண்டது லண்டன் டபுள் டெக்கர் பஸ்ஸில். 1953இல் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் தம் குழுவினரோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே பஸ்ஸில் வேலை செய்யும் இருவரில், உட்கார்ந்தே ஓட்டும் டிரைவரைவிட நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அந்த கண்டக்டர்கள் ஷூ கட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றியவர்கள் அல்லர். பிழைப்பே அவர்களை நடக்க வைத்தது. மோரிஸ் 99 வயது வரை இருந்தார் என்பது உபரித் தகவல்.

நம் பிழைப்பில் அந்தப் படிகள் போய்விட்டன. கறிவேப்பிலைக்குக்கூட ஒரு பையன் பைக்கில் வருகிறான். நான் செய்வதெல்லாம் சின்ன வேலைகள்தான்: செல்போனுக்கு உள்ளறையில் சார்ஜ் போடுவது, கொத்தமல்லிக்குக் கடைக்கு நானே போவது, மூன்றாவது மாடிக்கு லிஃப்ட்டை விட்டுப் படியேறுவது. முழங்கால் முனகினால் இரண்டாவது மாடியிலேயே லிஃப்ட்டைப் பிடித்துவிடுவேன். வீரம் காட்ட வேண்டிய வயது இல்லை இது.

அறுபதைத் தாண்டியவர்கள் கூடினால் எண்ணெயைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். செக்கு நல்லெண்ணெயா, ரீஃபைண்டா என்று பட்டிமன்றமே நடக்கும். உப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் கூட முழுசாக வராது. நம் இலையை எண்ணிப் பாருங்கள். சாம்பாரில், ரசத்தில், பொரியலில் உப்பு. மோரில் ஒரு சிட்டிகை. அப்புறம் அப்பளம், மோர் மிளகாய், மாவடு. அப்பளத்தில் உப்போடு சோடாவும் உண்டு, அதிலும் சோடியம்தான். போதாததற்கு, வயதான நாக்கு மழுங்கிப்போய் "என்ன, உப்பே இல்ல?" என்று அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுக்கும்.

எங்கள் வீட்டில் இதற்கு அறிவுரை எதுவும் நடக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் இருந்த ஊறுகாய் ஜாடியை என் மனைவி பரணுக்குக் கீழ்த் தட்டில் ஏற்றி வைத்துவிட்டாள். வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டுத்தான் எடுக்க வேண்டும். "எடுத்துத் தரட்டுமாங்க?" என்று அவள் கேட்கும் தொனியிலேயே ஆசை பாதி அடங்கிவிடும். சில வாரங்களில் நாக்கு பழகிக்கொண்டது. பொரியலில் எலுமிச்சை பிழிந்து, ரசத்தில் மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் குறை தெரிவதில்லை. இப்போது ஹோட்டல் சாம்பார்தான் கரிக்கிறது.

இந்துப்புக்கு மாறிவிட்டதாகப் பெருமையாகச் சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். பாறையில் வெட்டினாலும் உப்பளத்தில் வாரினாலும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களும் சிலவகை பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

உப்பின் கணக்கு கடைசியில் பிபியில்தான் வந்து நிற்கும். வயதாக ஆக ரத்தக் குழாய்கள் நெகிழ்வு குறைந்து விறைத்துக்கொள்வதால் மேல் எண் ஏறுகிறது. கீழ் எண் பல சமயம் இறங்கக்கூடச் செய்கிறது. 160க்கு 80 என்று வந்தால் "கீழே நார்மல்தானே" என்று ஆறுதல் பட்டுக்கொள்வது நம் பழக்கம். அந்த மேல் எண்தான் இதயத்தின் மேல் ஏற்றிய சுமை.

கிராமத்தில் இருக்கும் என் அக்காவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிபி பார்க்கிறார். நான் போயிருந்தபோதும் வந்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்த வேகத்தில் கையை நீட்டினாள், பேத்தி கல்யாணக் கதையை ஆரம்பித்தபடி. அந்தப் பெண் கருவியைக் கட்டவே இல்லை. "பேசாம சாஞ்சு உக்காருங்கம்மா. காலைத் தரையில வைங்க. அஞ்சு நிமிஷம் போகட்டும்." அப்புறம்தான் கட்டினார். 158 காட்டியது.

"போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு? மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"அதான் பிபி சரியாயிடுச்சுன்னு நீயே சொன்னியே கண்ணு. நிறுத்திட்டேன்."

"மாத்திரை போட்டதாலதான்மா சரியாச்சு" என்றார் அந்தப் பெண், இதை அன்றைக்குப் பல வீடுகளில் சொல்லிவிட்டு வந்தவர் போல. பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணி வைத்தார். அக்கா அவற்றை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கல்யாணக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.