ஏடும் பொதியும்

மின்னஞ்சலை ‘அனுப்பிவிட்டேன்’ என்று சொல்லும்போது நாம் ஒரு பழைய வினைச்சொல்லைப் புதிய செயலொன்றுக்கு வழங்குகிறோம். அஞ்சற்பெட்டியில் போட்ட கடிதம் நம் கையை விட்டுப் போய்விடும். அவரிடம் சேர்ந்தால் நம்மிடம் இராது. மின்னஞ்சல் அப்படியன்று. அனுப்பிய பின்னும் அது நம்மிடமே இருக்கிறது. பெற்றவரிடம் இருப்பது அதன் படி. இடையில் எத்தனை கருவிகளின் வழியாகச் சென்றதோ, அத்தனை கருவிகளும் அதைப் படியெடுத்து, அடுத்த கருவிக்குக் கொடுத்து, தம்மிடம் இருந்ததை அழித்துவிடுகின்றன. கணினிகளுக்கிடையே எதுவும் இடம்பெயர்வதில்லை. எல்லாம் பெயர்த்தெழுதப்படுகின்றன.

முதுகலை மாணவர்களுக்குச் சுவடிப் பதிப்பியல் நடத்துபவன் நான். கணினித்துறை நண்பர் ஒருவர் ஒரு மாலைத் தேநீரின்போது இதை விளக்கியபோது, ‘பெயர்த்தெழுதுதல்’ என்ற சொல்தான் எனக்கு உடனே தோன்றியது. ஓலை முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. இரண்டாயிரம் ஆண்டுப் பாடல் நமக்குக் கிடைத்திருக்கிறதென்றால், ஓலை அழியுமுன் யாரோ ஒருவர் அதைப் பார்த்து வேறோர் ஓலையில் எழுதினார், அது அழியுமுன் இன்னொருவர் எழுதினார் என்றே பொருள். அதே செயலை ஒரு நொடியின் சிறு பகுதியில் பதினைந்து இருபது முறை செய்கிறது இணையம். இந்த ஒற்றுமை எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க விரும்பினேன். நண்பரும் பொறுமையாகப் பல மாலைகளில் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் கற்றதையும் பின்னர் தேடிப் படித்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பழைய தொலைபேசியில் இருவர் பேசினால், பேசி முடிக்கும்வரை அவ்விருவருக்கிடையே ஒரு தடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் மௌனமாக இருந்தாலும் அத்தடத்தை வேறொருவர் பயன்படுத்த இயலாது. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் பேச்சு முழுவதும் அறுந்துபோகும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பேரன், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னும் எஞ்சி நிற்கக்கூடிய செய்தித் தொடர்பு எப்படி அமைய வேண்டும் என்று சிந்தித்தார். மையம் இல்லாத ஒரு வலை. அதில் செய்தியைச் சிறு துண்டுகளாக்கி விடுவது. ஒவ்வொரு துண்டும் தனக்குக் கிடைத்த வழியில் செல்வது. இதுவே அவர் கண்ட விடை. அவரை அறியாமலேயே, 1965இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் இதே முடிவுக்கு வந்தார். அத்துண்டுகளுக்குப் ‘பாக்கெட்’ என்று பெயரிட்டவர் அவர்தாம். பிற மொழிகளிலும் எளிதில் வழங்கக்கூடிய சொல்லா என்று மொழியறிந்தோரைக் கேட்டுக்கொண்ட பின்னரே அதைத் தேர்ந்தார் என்பது தமிழாசிரியனான எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. தமிழில் ‘பொதி’ என்கிறோம். பொதி சுமந்த மாடுகளும் உப்பு வணிகரும் நம் இலக்கியத்தில் நடந்த வழிகளை நினைத்தால், அச்சொல் நன்றாகவே பொருந்துகிறது.

1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்கு ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்ப முயன்றனர். முதல் இரண்டு எழுத்துகள் சென்றதும் மறுமுனையிலிருந்த கணினி நின்றுவிட்டது. அன்றிரவே அதைச் சரிசெய்து முழுமையாக இணைத்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும் இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட்டின் முதற்செய்தி ஒரு சிதைந்த பாடம் என்பதைச் சுவடி படிப்பவன் கவனியாமல் இருக்க முடியாது.

பொதி ஒன்றைத் திறந்து பார்ப்போம். பெரும்பாலான வலைகளில் ஒரு பொதியின் மேல் எல்லை 1500 பைட்டுகள். அதில் முதல் நாற்பது பைட்டுகள் பொதுவாக முகவரிக்கும் குறிப்புகளுக்கும் போய்விடும்: எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும், தொடரில் எத்தனையாவது இடம் என்பன போன்றவை. எஞ்சிய 1460 பைட்டுகளே செய்திக்கு. ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரத்தின் குறி, ழ, புள்ளி. இணையத்தில் பரவலாக வழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வீதம் மொத்தம் பதினைந்து பைட்டுகள். இக்கணக்கில் ஒரு பொதிக்குள் நம் எழுத்துக்குறிகள் ஐந்நூறுகூடக் கொள்ளா. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இக்கட்டுரை பல பொதிகளாகப் பிரிந்து வந்து, உங்கள் திரையில் ஒன்றுசேர்ந்து நிற்கிறது.

வழியிலிருக்கும் திசைவிகளுக்கு முழுப் பாதையும் தெரியாது. ‘இம்முகவரிக்குச் செல்வதை இப்பக்கம் அனுப்பு’ என்ற அட்டவணை மட்டுமே அவற்றிடம் உண்டு. வெளியூர்ச் சந்தியில் வழி கேட்டால் ‘நேரே போய் ஆலமரத்தடியில் கேளுங்கள்’ என்று சொல்லும் கடைக்காரரைப் போன்றவை அவை. அட்டவணைகளில் குழப்பம் நேர்ந்தால் ஒரு பொதி சுற்றிய இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். அதைத் தடுக்க ஒவ்வொரு பொதியிலும் வாழ்நாள் என்று ஓர் எண் எழுதப்படுகிறது. அது பெரும்பாலும் 64இல் தொடங்கும். கடக்கும் திசைவி ஒவ்வொன்றும் ஒன்றைக் கழிக்கும். எண் சுழியானதும் பொதி கைவிடப்படும்.

கம்பியில்லாமல் எல்லாம் காற்றில் வருகிறது என்று நாம் எண்ணினாலும், கண்டம் கடக்கும் செய்திகளில் மிகப்பெரும்பான்மை கடலடியிலேயே செல்கின்றன. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இல் இடப்பட்ட கம்பிவடம் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம். உள்ளே மயிரிழை அளவுக் கண்ணாடி இழைகள், அவற்றில் ஒளி. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்வதால், அக்கரையை அடைய ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்குதான் ஆகும். சோழர் கலங்கள் காற்றுக்குக் காத்திருந்து கடந்த அதே வங்கக் கடல். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகில் இரு கடல்வடங்கள் அறுந்தபோது, இந்தியாவின் வெளிநாட்டு இணைப்பு பெரிதும் தளர்ந்தது. ஆனால் அற்றுப்போகவில்லை. மேற்கே செல்ல வேண்டியவற்றுள் ஒரு பகுதி கிழக்கே திரும்பிச் சிங்கப்பூர் வழியாக உலகைச் சுற்றிப் போயிற்று. பேரன் தேடிய தாங்குதிறன் இதுவே.

இவ்வமைப்பில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. பொதி போய்ச் சேரும் என்று வலை உறுதி அளிப்பதே இல்லை. திசைவியில் நெரிசல் மிகுந்தால் அது பொதிகளைக் கீழே போட்டுவிடும். யாரிடமும் சொல்லவும் வேண்டியதில்லை. உறுதி இருமுனைகளிலும் இருக்கிறது. வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்து, 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் முழுவதும் நடைமுறைக்கு வந்த டி.சி.பி. என்னும் நெறிமுறை, இப்பொறுப்பை அனுப்புவோனிடமும் பெறுவோனிடமும் ஒப்படைத்தது. முதலில் இருவரும் அறிமுகம் செய்துகொள்கின்றனர்: ‘பேசலாமா?’, ‘பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?’, ‘கேட்கிறது’. பிறகே செய்தி தொடங்கும். பொதிகள் எண்ணிடப்பட்டுச் செல்கின்றன. பெற்றவன் ‘இதுவரை வந்தது’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். குறித்த காலத்துக்குள் அச்சொல் வராவிட்டால், அனுப்பியவன் அதே பகுதியை மீண்டும் அனுப்புவான். முன்பின்னாக வந்தவற்றைப் பெற்றவன் எண் பார்த்து அடுக்கிக்கொள்வான். பெற்றுக்கொண்டேன் என்ற சொல் வரும்வரை அனுப்பியவன் தன் படியை அழிப்பதில்லை.

ஏட்டுச்சுவடியிலும் எண் உண்டு. தமிழ் எண்களை ஓரத்தில் இட்டு வைத்ததால்தான், கயிறு அறுந்து சிதறிய ஏடுகளையும் பதிப்பாசிரியர்கள் நிரல்படுத்த முடிந்தது. எந்த ஏடு இல்லை என்பதும் அந்த எண்ணால்தான் தெரிந்தது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பிரதி தேடியதை இந்த நோக்கில் பார்த்தால், அது ஒரு மறு அனுப்புகைக் கோரிக்கை. ‘எனக்கு இந்த எண் வந்து சேரவில்லை, உங்களிடம் உண்டா?’ என்று அவர் வீடுவீடாகக் கேட்டார். சில இடங்களில் விடை வந்தது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் வரவில்லை. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் வரவில்லை. எழுபது என்று சொல்லப்படும் பரிபாடலில் முழுமையாக வந்தவை இருபத்திரண்டே. அனுப்பியவன் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகு கேட்கப்பட்ட கேள்வி அது.

எல்லாச் செய்திக்கும் இம்முறை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். குரலழைப்பும் காணொளி அழைப்பும் பெரும்பாலும் வேறு நெறிமுறையில் செல்கின்றன. அங்கே விழுந்த பொதியை மீட்பதற்காகப் பேச்சு நின்று காத்திருப்பதில்லை. தாமதமாக வந்த அசை, அடுத்த சொல்லின்மேல் விழுந்து அதையும் கெடுக்கும் என்பதால், இழந்தது இழந்ததாகவே விட்டுப் பேச்சு முன்னே செல்கிறது.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம். எட்டாண்டுகளுக்குப் பின் மேட்டூர் அணை வழக்கமான நாளான 12ஆம் தேதியே திறக்கப்பட்டிருந்தது. பக்கவாதத்தால் என் தந்தையாருக்குப் பேச்சு முன்பே குழறியிருந்தது. மஸ்கட்டில் இருந்த தம்பி ஊருக்கு வர வழியின்றி, நாள்தோறும் மாலையில் கைப்பேசியில் அழைப்பான். திருவாரூர் மாவட்டத்திலுள்ள எங்கள் ஊரில் திண்ணையின் ஒரு மூலையில்தான் அலைவரிசை கிடைக்கும். அன்று அப்பா ஆர்வத்தோடு, “வாய்க்காலுக்குத் தண்ணி வந்துடுச்சுடா” என்றார். தம்பியைச் சென்றடைந்தது “வந்துடுச்சுடா” என்ற ஒரு சொல் மட்டுமே. அந்த மாதத்தில் அச்சொல்லுக்கு வேறு எழுவாய் யார் மனத்திலும் தோன்றாது. அவன் முகம் திரையில் உறைந்து நின்றது. அது வலையால் உறைந்ததா, அச்சத்தால் உறைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, “யாருக்குப்பா? என்ன வந்துச்சு? திரும்பச் சொல்லுங்கப்பா” என்ற குரல் வந்தது. அருகிலிருந்த நான் சொல்லிவிட வாய் திறந்தேன். அப்பா கையமர்த்தினார். பெரிதும் முயன்று, ஒவ்வோர் அசையாக, “தண்ணி” என்றார். தம்பி, “தண்ணியா அப்பா!” என்று திருப்பிச் சொன்னான். அதன் பிறகே அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

நெறிமுறை கேட்காமல் விட்டதை மகன் கேட்டான். தந்தை மீண்டும் அனுப்பினார். பெற்றுக்கொண்டேன் என்ற விடையும் வந்தது. செர்ஃபும் கானும் எழுதிவைத்த விதிகள் மனிதர்கள் திண்ணையில் என்றும் கடைப்பிடித்தவைதாம் என்று எனக்கு அன்று தோன்றியது. அப்பா அடுத்த ஆண்டு மறைந்தார்.

சென்ற பருவத்தில் பரிபாடல் நடத்தும்போது ஒரு மாணவி, “மிச்சப் பாட்டுக்கெல்லாம் பேக்கப் இல்லையா ஐயா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. ஆனால் அது சரியான கேள்வி. போய்ச் சேர்வது வேறு, நிலைத்திருப்பது வேறு. பெற்றுக்கொண்டேன் என்ற சொல் வந்ததும், நெறிமுறை தன் படியை மறந்துவிடுகிறது. திசைவிகள் அதற்கு முன்பே மறந்துவிட்டன. வலைக்கு நினைவு கிடையாது. தொண்ணூறுகளில் எண்ணற்ற தனிமனிதப் பக்கங்களைத் தாங்கியிருந்த ஜியோசிட்டீஸ், ஜப்பான் நீங்கலாக, 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தன்னார்வலர் சிலர் மூடுமுன் ஓடோடிப் படியெடுத்தவை இன்றும் உள்ளன. மற்றவை இல்லை.

முழுதாக வந்து சேர்ந்தும் படிக்க முடியாமற்போவது இன்னொரு வகை இழப்பு. எழுத்துரு இல்லாததால் தமிழ் மடல்கள் புரியாத குறிகளாய்த் திரையில் நின்ற காலத்தை இங்குள்ள நண்பர்கள் பலர் அறிவர். பைட்டு ஒன்றுகூடக் குறையாது. ஆனால் அனுப்பியவர் கொண்ட குறிமுறை வேறு, பெற்றவர் கொண்டது வேறு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டெழுதி, முதலில் அக்காலக் குறிமுறைகளில் இட்டு, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றினார்கள். ஓலையிலிருந்து ஓலைக்கு எழுதியவர்கள் செய்த வேலையும் இதுவே.

அந்த மாணவியிடம், “இருந்த பேக்கப்தான் இந்த இருபத்திரண்டு” என்றேன். யாரோ சிலர் தமக்குப் பயன் கருதாமல் எழுதி வைத்ததால் எஞ்சியவை அவை. இப்போது எங்கள் துறையில் ஒரு சிறு வழக்கம் வைத்திருக்கிறோம். மறுபதிப்பு காணாத, காப்புரிமைக் காலம் கடந்த பழைய நூலொன்றை ஆண்டுதோறும் எடுத்து, மாணவர்கள் ஆளுக்குப் பத்துப் பக்கம் தட்டெழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். விடுபட்ட பக்கம் இருந்தால் வேறு நூலகத்துக்கு எழுதிக் கேட்கிறோம். இவ்வாண்டுக்குரிய நூலில் 41 முதல் 44 வரையிலான பக்கங்கள் இல்லை. இரண்டு நூலகங்களுக்கு எழுதியிருக்கிறோம். விடைக்காகக் காத்திருக்கிறோம்.