ஆயில் குடிக்கும் வண்டியும் அமானிதமும்



பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். குறை அப்போதே தெரிந்துவிடும். என்ஜின் ஆயில் குறைந்தால் வண்டி நிற்பதில்லை. வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். அது நிற்கும் நாளில் என்ஜினே கெட்டுப்போயிருக்கும். பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களில் இது மிகச் சாதாரணமான குறை. ஒர்க்‌ஷாப்பில் இதனை 'வண்டி ஆயில் குடிக்கிறது' என்பார்கள். மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படாது. வண்டியை நாள்தோறும் ஓட்டுபவருக்கு மட்டுமே உண்மை தெரியும். அப்படித் தெரிந்துவைத்திருப்பதும் ஓர் அமானிதமே என்பதை எங்கள் வீட்டு வண்டியை விற்க முற்பட்டபோது ஆழ்ந்து எண்ணிப் பார்த்தோம்.

எங்களுடையது மூன்று சிலிண்டர் கொண்ட சிறிய பெட்ரோல் கார், அத்தா வாங்கியது. சொந்த உபயோகக் கார்களுக்கு முதற்பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டி அந்தப் புதுப்பித்தலையும் கண்டுவிட்டது. கள்ளக்குறிச்சியில் துணி வியாபாரம் செய்யும் எங்கள் குடும்பத்துக்கு மலைவாழ் மக்களிடையே பல ஆண்டுப் பழக்கம் உண்டு. கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையேறி, கரியாலூர், வெள்ளிமலை வரை துணி மூட்டைகளோடு சென்று வந்த வண்டி அது.

பின்புறம் நீலப் புகை தென்படத் தொடங்கியதும், அண்ணன் தம்பிகளாகிய நாங்கள் இருவரும் முதலில் செய்தது அளந்து பார்த்ததே. 'நிறையக் குடிக்கிறது' என்பது பேச்சு. எவ்வளவு என்பதே கணக்கு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். மேல் கோடு வரை ஆயில் நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1000 கிலோமீட்டர் ஓடியபின் அதே இடத்தில் நிறுத்தி, மீண்டும் மேல் கோட்டை எட்ட எத்தனை மில்லி தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். மலைச் சரிவில் நிறுத்திப் பார்த்தால் கோடு பொய் சொல்லும்.

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் வந்த கணக்கு 1000 கிலோமீட்டருக்கு 700 மில்லி. எந்த என்ஜினும் சிறிதளவு ஆயிலை எரிக்கத்தான் செய்யும், அது இயல்பு. ஆனால் எங்கள் என்ஜின் கொள்வதே மூன்று லிட்டருக்கும் குறைவு. 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது எங்கள் வழக்கம். இந்தக் கணக்கின்படி, ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையே மூன்றரை லிட்டர் செலவாகிவிடும். இடையில் ஊற்றாமல் விட்டால் முழு ஆயிலும் தீர்ந்துவிடும் என்பதே இதன் பொருள்.

ஆயில் இரண்டு வழிகளில் போகிறது: ஒன்று கசிவு, மற்றொன்று எரிவு. கசிவைக் கண்டறிவது எளிது. இரவில் வண்டியின் அடியில் அட்டையை விரித்து வைத்தால் காலையில் சொட்டுகள் தெரியும். வால்வு கவர் கேஸ்கெட், கிராங்க் ஆயில் சீல், ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷர் ஆகியவை வழக்கமாகக் கசியும் இடங்கள். எங்கள் அட்டை காய்ந்தே இருந்தது. ஆகவே ஆயில் உள்ளே எரிகிறது என்று தெளிந்தோம்.

எரிவுக்கு மூன்று காரணங்கள் முக்கியமானவை. முதலாவது, வால்வு சீல்கள். இவை ரப்பரால் ஆனவை. ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்டு இறுகிவிட்டால் வால்வுத் தண்டு வழியே ஆயில் உள்ளே இறங்கும். இரண்டாவது, பிஸ்டன் ரிங்குகள். சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலை வழித்துக் கீழே தள்ளுவது அடி ரிங்கின் வேலை. அது தேய்ந்தாலோ, கரி படிந்து இறுகினாலோ ஆயில் மேலேறி எரியும். மூன்றாவது, என்ஜினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் இழுத்து எரிக்கும் பி.சி.வி. வால்வு. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் பெருகி, ஆயிலைத் தவறான வழிகளில் தள்ளும். இது மிக மலிவான பாகம். முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே. எங்களுடையதைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்தோம், பெரிய மாற்றமில்லை.

மீதமிருந்த இரண்டில் எது என்பதை மலைப்பாதையே ஓரளவு சொல்லிவிட்டது. வெள்ளிமலையிலிருந்து சிறிய கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது என்ஜினுக்குள் உறிஞ்சும் வேகம் மிகும். அப்போது இறுகிய வால்வு சீல் வழியே ஆயில் இழுக்கப்படும். அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் நீலப் புகை ஒரு கொத்தாக வெளிவரும். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வரும் புகையும் பெரும்பாலும் வால்வு சீலையே சுட்டும். மாறாக, சுமையோடு மலையேறும்போது இடைவிடாமல் புகை வந்தால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஒருவர் காரை ஓட்ட, மற்றவர் பைக்கில் பின்தொடர்ந்து பார்த்தோம். இறங்கும்போது சிறிதளவே புகை. ஏறும்போது ஓயாத புகை.

எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் கம்ப்ரஷன் பார்த்து உறுதி செய்தார். மூன்று சிலிண்டர்களில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிட அழுத்தம் குறைவாகக் காட்டியது. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது அழுத்தம் உயர்ந்தது. விட்ட ஆயில் ரிங்கின் இடைவெளியைச் சற்று நேரம் அடைத்ததால்தான் அந்த உயர்வு. உயரவில்லையெனில் குறை வால்வில் இருந்திருக்கும். "ரிங் மாத்தணும் பாய். உள்ள பாத்தாதான் போர் பண்ணணுமான்னு தெரியும்" என்றார். அவர் சொன்ன தொகை, வண்டியின் விலையில் ஏறத்தாழப் பாதி.

அத்தாவுக்கும் மலையேறும் வயது கடந்துவிட்டது. எனவே வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து, எங்களிடம் நெடுங்காலம் துணி வாங்கிவந்த மரவள்ளி விவசாயி ஒருவர் கேட்டு வந்தார். அவருடைய தாயாரை மாதந்தோறும் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. "உங்க வண்டின்னா நம்பி எடுக்கலாம் பாய்" என்று சொல்லிச் சென்றார்.

அன்று மாலையே ஒரு தரகர் ஆலோசனை கூறினார்: "கெட்டி ஆயில் ஊத்துங்க, மேல ஒரு டப்பா மருந்து ஊத்துங்க. பத்து நாளைக்குப் புகையே தெரியாது. வாங்கிட்டுப் போனப்புறம் அவரு பாடு." அவர் சொன்னதில் செய்முறை சார்ந்த உண்மை உண்டு. தேய்ந்த என்ஜினுக்கு, கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் சற்றுக் கெட்டியான ஆயிலைப் பயன்படுத்துவது தவறன்று; சொந்த உபயோகத்தில் அதனால் செலவும் சிறிது குறையலாம். ஆனால் புகையைச் சில நாட்கள் மறைப்பதற்காகவே ஊற்றும்போது, அதே ஆயில் திரையாகிவிடுகிறது. ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான்.

கேட்டுக்கொண்டிருந்த அத்தா, "நனைஞ்ச தானியத்து மேல காஞ்சதைப் பரப்புற வேலைப்பா இது" என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நினைவில் வைத்தே அவ்வாறு சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்றவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. நனைந்த தானியத்தை விற்பதையும் நபியவர்கள் தடுக்கவில்லை. ஈரத்தை அடியில் வைத்ததையே கண்டித்தார்கள். அதுபோலவே, ரிங் தேய்வது வயதின் இயல்பு. தேய்ந்த வண்டியை விற்பதும் ஆகுமானதே. தெரிந்த குறையை மூடுவதுதான் பாவம்.

துணி வியாபாரிகளான எங்களுக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிகழ்ச்சியும் நினைவுக்கு வந்தது. கூஃபாவில் அவர்களும் துணி வணிகர். குறையுள்ள ஒரு துணியை, அக்குறையைச் சொல்லி விற்குமாறு கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. கிடைத்த தொகை முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மறதியால் நேர்ந்ததற்கே அத்தனை பேணுதல் எனில், திட்டமிட்டு மறைப்பதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி வாங்கிக்கொள்வதாலும் தெரிந்தே மறைத்த பொறுப்பு நீங்கிவிடாது.

வாங்குபவர் நம் சமுதாயத்தவரா, பிறரா என்பதும் இந்த அளவுகோலை மாற்றாது. மக்காவிலிருந்து ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையிலும், நபி (ஸல்) அவர்கள் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த மக்காவாசிகளின் பொருட்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலி (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள்.

மேலும், இந்தக் குறையில் பணம் மட்டும் சம்பந்தப்படவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயும்போது, ஆயில் குறைவாயிருந்தால் அது ஒருபுறம் ஒதுங்கிவிடும், அதை உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும், பேரிங்குகள் வறண்டுபோகும். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தையே காட்டுகிறது. ஓடும்போது அது எரிந்தால் உடனே நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். புகை வரவில்லை என்று நம்பி டிப் ஸ்டிக்கைப் பார்க்காமல், நோயுற்ற தாயாரை ஏற்றிக்கொண்டு இரவில் மலையிறங்கும் ஒருவரை எண்ணிப் பார்த்தோம். தரகரின் யோசனைக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

அந்த விவசாயியை அழைத்து நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தோம். கச்சிராயபாளையத்தில் சமதளமான இடத்தில் அவரையே டிப் ஸ்டிக் பார்க்கச் செய்து, மேல் கோடு வரை நிரப்பினோம். மலையேறும்போது அவர் பைக்கில் பின்னால் வந்து புகையைத் தம் கண்ணாலேயே பார்த்தார். பின்னர் மெக்கானிக் அண்ணனிடம் நேரே பேசி ரிங் வேலைக்கு ஆகும் தொகையைக் கேட்டறிந்தார். அந்தத் தொகை முழுவதையும் விலையிலிருந்து கழித்தோம். எங்களுக்கு அது சிறிய தொகையன்று. ஆயினும் உண்மையில் அந்த வண்டி பெறும் விலை அவ்வளவுதான். "வேலையை முடிச்சுட்டே அம்மாவை ஏத்துறேன்" என்று அவரே சொன்னார். சில வாரங்களில் ரிங் மாற்றி, அல்ஹம்துலில்லாஹ், தாயாரோடு எங்கள் கடை வாசலில் வந்து இறங்கினார்.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களது வியாபாரத்தில் பரக்கத் உண்டு. பொய் சொல்லி மறைத்தால் அந்தப் பரக்கத் அழிந்துவிடும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கழித்த பணத்தின் இடத்தில் எது வந்து நிரம்பியது என்பதை அன்று எங்கள் வீட்டார் கண்கூடாகக் கண்டனர்.

பழைய வண்டி வைத்திருப்போர் மாதம் இருமுறையாவது, மலையேறுமுன் தவறாமலும், டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குடிக்கும் வண்டியாயின் ஒரு லிட்டர் டப்பாவை உடன் வைத்திருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். மிகுந்தால் ஆயில் நுரைத்து வேறு கேடு விளைவிக்கும். வடித்த பழைய ஆயிலை மண்ணிலோ ஓடையிலோ கொட்டாமல், சேகரிப்போரிடம் கொடுங்கள். கோமுகியில் ஓடும் நீரை நாமும் பிறரும் பயன்படுத்துகிறோம். விற்கும் நாள் வந்தால், ஈரத்தை மேலே வையுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி, அமானிதங்களைப் பேணும் கூட்டத்தில் நம்மையும் நம் சந்ததியினரையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.