கன்னிவாடி வழியாகச் சீமைப் படிப்பு

பிள்ளையையோ பெண்ணையோ வெளிநாட்டுச் சர்வகலாசாலைக்கு அனுப்பப் போகிறவர்கள் முதலில் எங்கே போவார்கள்? பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போவார்கள், பாங்கிக்குப் போவார்கள், கம்பளிச் சட்டை வாங்கக் கடைத்தெருவுக்குப் போவார்கள், ஜோசியரிடம் போகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், ஒரு தடவை கன்னிவாடிக்குப் போய்விட்டு வாருங்கள் என்பேன்.

"கன்னிவாடியா? அங்கே எந்தத் தூதராலயம் இருக்கிறது?" என்று சிரிக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே பஸ் ஏறினால், பழனி மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. ஒரு காலத்தில் பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும் ஆண்ட ஊர். இப்போது ஒரு பேரூராட்சி. ஒரு பக்கம் பருத்தியும் சோளமும் விளையும் நிலங்கள். மறுபக்கம் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்படி மலை. பக்கத்தில் சோமலிங்கபுரத்தில் மலையடிவாரத்துச் சிவன் கோயில். அங்கிருந்து தருமத்துப்பட்டி, ஆடலூர், பன்றிமலை என்று ஒரு பாதை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. மலை வாழையும் காப்பியும் மிளகும் விளையும் பூமி அது.

இந்த மலையைச் சுற்றி நான்கைந்து பேரின் கதை இருக்கிறது. சிலர் கடல் கடந்து இங்கே வந்து படித்தவர்கள். சிலர் இங்கிருந்து கடல் கடந்து போய்ப் படித்துத் திரும்பியவர்கள். வெளிநாட்டுப் படிப்பினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை அவர்கள் கதையைக் கொண்டே தெரிந்துகொள்ளலாம்.

போலீஸ் உத்தியோகமா, உருளைக்கிழங்கா?

கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த ஒரு வாலிபர், கோயமுத்தூரில் விவசாயம் படித்தார். பிறகு டில்லியில் ஆராய்ச்சி. 1948-ல் இந்தியப் போலீஸ் சர்வீஸுக்குத் தேர்வாகிவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய யோகம் என்ன வேண்டும்? ஆனால் அதே சமயம் ஹாலந்து தேசத்தில் உருளைக்கிழங்கைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஓர் உபகாரச் சம்பளமும் கிடைத்தது. வாலிபர் போலீஸ் தொப்பியை விட்டுவிட்டு உருளைக்கிழங்கைப் பிடித்துக்கொண்டார்!

அவர்தான் எம். எஸ். சுவாமிநாதன். ஹாலந்திலிருந்து கேம்பிரிட்ஜ் போய் 1952-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில், பனியில் கருகாத உருளைக்கிழங்கை உண்டாக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அங்கேயே ஆசிரியராக இருக்கும்படி அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டு 1954-ல் தாயகம் திரும்பினார். மாலை போட்டு வரவேற்று நாற்காலி கொடுக்க இங்கே யாரும் காத்திருக்கவில்லை. கட்டாக் நகரத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலைதான் கிடைத்தது. பின்னால் கோதுமையிலும் நெல்லிலும் அவர் செய்த காரியங்கள் உலகப் பிரசித்தம். 2023-ல் அவர் காலமானார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

இதற்கும் கன்னிவாடிக்கும் என்ன சம்பந்தம்? சென்னையில் 1988-ல் அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், வேலை செய்வதற்குத் தேர்ந்தெடுத்த ஊர்களில் கன்னிவாடியும் ஒன்று. இந்தச் சுற்றுவட்டாரத்துக் கிராமத்துப் பெண்கள் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து ஒரு விசித்திரமான தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். குளவி வளர்ப்பு! பயப்படாதீர்கள், கொட்டுகிற குளவி அல்ல. கண்ணுக்கு லேசில் தென்படாத அளவு சிறிய ஒட்டுண்ணிக் குளவி. அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றுக்குள் இந்தக் குளவியை முட்டையிடச் செய்வார்கள். அந்த அட்டைத் துண்டைப் பருத்திச் செடியில் கட்டிவிட்டால், வெளியே வரும் குளவிகள் காய்ப்புழுவின் முட்டைகளைத் தேடிப் பிடித்து அழித்துவிடும். பூச்சி மருந்துச் செலவு குறையும். மருந்தடிப்பதால் வரும் தலைச்சுற்றலும் குறையும்.

யோசித்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் படித்த ஒருவர் தொடங்கிய வேலை, பல வருஷங்களுக்குப் பிறகு, கன்னிவாடிப் பக்கத்து அம்மாள் ஒருத்தியின் கையில் ஓர் அட்டைத் துண்டாக வந்து சேர்ந்திருக்கிறது. சீமைப் படிப்பு இப்படியும் ஊர் வந்து சேரும்.

இங்கே படிக்க வந்தவர்கள்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் சாதாரணமாக வத்தலக்குண்டு போய் அங்கிருந்து மலை ஏறுவார்கள். பெருமாள் மலையைத் தாண்டி, வெள்ளி நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு மேலே போனால் செண்பகனூர் வரும். அங்கே இயேசு சபையார் 1895-ல் நிறுவிய திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. பிரான்சு முதலிய நாடுகளிலிருந்து இளம் துறவிகள் கப்பல் ஏறி இங்கே வந்து படித்தார்கள். நம் பிள்ளைகள் பாரிஸுக்குப் போவதுபோல, பாரிஸ் பக்கத்துப் பிள்ளைகள் செண்பகனூருக்கு வந்தார்கள்!

அவர்கள் பாடப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை என்பதுதான் விசேஷம். ஆங்லாட் என்ற பாதிரியார் இந்த மலையில் ஆதி மனிதர்கள் அமைத்த கல்திட்டைகளைத் தேடித் தேடி அளந்தார். நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியாருடன் சேர்ந்து அவர் எழுதிய நூலைத் தொல்பொருள் இலாகா 1928-ல் வெளியிட்டது. ஃபோரோ என்ற மற்றொருவர், நாம் வழுக்கிவிடுமே என்று பயந்து கால் வைக்கும் பாசிகளை ஒவ்வொன்றாகச் சேகரித்து, பெயர் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டார். அந்தப் பாதையிலேயே நடந்து, கேரளத்தில் பிறந்த கே. எம். மாத்யூ பாதிரியார் பழனி மலைச் செடிகொடிகள் அனைத்தையும் பற்றி மூன்று பெரிய பாகங்கள் எழுதினார். அவை 1999-ல் வெளிவந்தன. கல்லூரியை ஒட்டியுள்ள காட்சிசாலைக்குப் போனால் இந்த உழைப்பின் மிச்சங்களைப் பார்க்கலாம்.

அந்நிய தேசத்துக்குப் படிக்கப் போகிறவர் அந்தத் தேசத்தின் புல்லையும் கல்லையும் மனிதரையும் கண் திறந்து பார்த்தாரா, அல்லது அறைக்குள் இருந்தபடியே பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தாரா? செண்பகனூர் கேட்கிற கேள்வி இது.

போர்வை விஷயம்

கொடைக்கானல் வந்துவிட்டது. குளிருகிறதா? சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். போர்வை என்றதும் ஒரு சம்பவம் ஞாபகம் வருகிறது.

கணித மேதை ராமானுஜன் 1914-ல் சென்னையிலிருந்து கப்பல் ஏறிக் கேம்பிரிட்ஜ் போனார். சைவச் சாப்பாடு. தாமே சமைத்துக்கொள்வார். அந்த வருஷமே உலக யுத்தம் மூண்டது, காய்கறிக்கும் தட்டுப்பாடு. ஒரு நாள் அவரைப் பார்க்கப் போன மஹலநோபிஸ், இவர் கோட்டோடும் சால்வையோடும் தூங்குவதை அறிந்தார். படுக்கையைப் பரிசோதித்தால், கம்பளிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. மேலே ஒரு விரிப்பைப் போட்டு, கம்பளிகளை அதன் அடியில் மடித்துச் செருகியிருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. கம்பளிகளின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார்! உலகமே வியந்த மூளை, ஆனால் "இது எப்படி?" என்று பக்கத்து அறைக்காரரைக் கேட்கக் கூச்சம்.

1917-ல் அவர் நோயில் விழுந்தார். 1919-ல் ஊர் திரும்பினார். மறு வருஷம் ஏப்ரலில், 32 வயதில் மறைந்தார். போர்வையினால்தான் நோய் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கும் பழக்கத்தையும், உடம்புக்கு வந்தால் மறைக்காமல் வீட்டுக்குச் சொல்லும் பழக்கத்தையும் கட்டிக் கொடுங்கள். அதற்கு விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கிடையாது.

சூரியனைப் பார்க்கும் வீடு

கொடைக்கானலின் உயரமான மேடு ஒன்றில் வான ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1899-ல் ஏற்பட்டது. 1901 முதல் இங்கே சூரியனைக் கவனித்து வருகிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்ந்த சூரியப் படங்கள் இங்கே பொக்கிஷமாக இருக்கின்றன.

1907-ல் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கில விஞ்ஞானி இங்கே வந்தார். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-ல் கண்டுபிடித்தவர் அவர். கூட வந்த மனைவி மேரியைப் பற்றித்தான் நம் சகோதரிகள் அறிய வேண்டும். அவர் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவர் அல்ல. இளமையில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் தங்கிப் படித்தபோது மகாகவி தாந்தேயின் காவியத்தில் மனத்தைப் பறிகொடுத்தார். அந்தக் காவியத்தில் வரும் நட்சத்திரக் கணக்குகளை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். இங்கே குடியிருந்த காலத்தில், 1914-ல், அது வெளிவந்தது. அதோடு சூரியனிலிருந்து எழும் தீச்சுவாலைகளைப் பற்றிக் கணவருக்குச் சமமாக உட்கார்ந்து ஆராய்ச்சியும் செய்தார். இத்தாலியில் விதைத்தது கொடைக்கானலில் காய்த்தது.

அடுத்து வேணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். ஹைதராபாதில் படித்து, உபகாரச் சம்பளத்தில் ஹார்வர்ட் போனார். போன சில மாதங்களில், 1949 ஜூலை 2-ம் தேதி இரவு, வழக்கம்போல வானத்தைப் படமெடுத்தார். அந்தப் படத்தில் யாரும் முன்பு பார்த்திராத ஒரு வால் நட்சத்திரம்! அப்போது அவருக்கு வயது 21. பேராசிரியர் பாக்கும் உடன் படித்த நியூகர்க்கும் சரிபார்த்து உறுதி செய்தார்கள். மூவர் பெயரும் சேர்ந்து அந்த வால் நட்சத்திரத்துக்கு வைக்கப்பட்டது.

1952-ல் டாக்டர் பட்டம். அமெரிக்காவின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் வேலை. இத்தனையும் பார்த்த பிறகு 1953-ல் திரும்பி வந்தார். 1960-ல், 33 வயது நிறையுமுன்பே, கொடைக்கானல் கூடத்தின் தலைமை அவரிடம் வந்தது. "அமெரிக்காவில் இருந்த கருவி இங்கே இல்லையே" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் என்ற இடத்தைத் தேடிப் பிடித்து, 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவினார். நம்மவர்களே செய்தது. இன்று அங்கே இருக்கும் பெரிய தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். 1982-ல் காலமான அவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

வைரத்தோடு வேண்டாம் என்ற பெண்

1971 வரை கொடைக்கானல் கூடம் வானிலை இலாகாவின் கீழ் இருந்தது. அந்த இலாகாவில் புகழ் பெற்றவர் அன்னா மாணி. பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்குக் குடும்ப வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்ட குழந்தை! சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் ஸர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். எதைப் பற்றித் தெரியுமா? வைரத்தைப் பற்றித்தான்!

எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. 1945-ல் உபகாரச் சம்பளத்தில் லண்டன் போனார். பௌதிகம் படிக்க ஆசை. கிடைத்ததோ வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி. அழுதுகொண்டு உட்காரவில்லை. கிடைத்ததைக் கரைத்துக் குடித்தார். 1948-ல் திரும்பி வந்து, அதுவரை அயல்நாட்டிலிருந்து வரவழைத்த கருவிகளை இங்கேயே செய்ய ஏற்பாடு செய்தார். ஏறக்குறைய 100 கருவிகளுக்கு வரைபடங்களைத் தயாரித்து ஒழுங்குபடுத்தினார்.

உங்கள் வீட்டுக் கணக்கு

2024-ல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல் என்கிறது அரசாங்கக் கணக்கு. மேலே சொன்னவர்களில் பலர் உபகாரச் சம்பளத்தில் போனவர்கள். இன்று போகிறவர்களில் பலர் கடன் வாங்கிப் போகிறார்கள். வீட்டுப் பத்திரம் பாங்கியில் இருக்கும். அம்மாவின் வளையல் பக்கத்துத் தெருவில் இருக்கும். ஆகவே, "எந்தத் தேசம்? எந்தச் சர்வகலாசாலை?" என்று கேட்பதற்கு முன்னால் வேறு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அங்கே மட்டுமே கற்கக் கூடியது என்ன? ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால், கிடைத்ததைக் கற்கும் மனம் உண்டா? கற்றது யாருக்குப் பயன்படும்?

எல்லாரும் திரும்பித்தான் வர வேண்டும் என்று நான் சட்டம் போட மாட்டேன். அவரவர் சூழ்நிலை அவரவருக்கு. ஆனால் இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல முடியாத பிள்ளை, அங்கே இருந்தாலும் சரி, இங்கே வந்தாலும் சரி, கடன் மட்டும் மிஞ்சும்.

ஆகையால் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன், ஒரு சனி ஞாயிறு பார்த்துக் குடும்பத்தோடு புறப்படுங்கள். கன்னிவாடியில் நின்று மலையை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். செண்பகனூர் காட்சிசாலையையும் வான ஆராய்ச்சிக் கூடத்துக் காட்சிக்கூடத்தையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். அந்த மூன்று கேள்விகளை வழியில் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள். திரும்பும்போது மலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்க மறக்க வேண்டாம். வெளிநாட்டு விமான நிலையத்தில் அதை உள்ளே விடுவார்களோ, மாட்டார்களோ; ஊர் வந்து சேருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவதுதான் உத்தமம்!