இணுவில் வீட்டு இசைத்தட்டுகள்

பங்குனி வெயில் ஏறுமுன்னரே வவுனியாவிலிருந்து பஸ் எடுத்தேன். இணுவிலில் இருக்கும் அக்காவின் மகள் இரண்டு நாட்களுக்கு முன் ரெலிபோன் எடுத்திருந்தாள். "சித்தி, அப்பாவின்ரை றெக்கோட்டுகளை வாங்க கொழும்பிலையிருந்து ஒரு ஆள் கேக்கிறார். நல்ல விலை. நீங்கள் வந்து சொன்னால்தான் அம்மா கேட்பா." நானும் சரி என்றுதான் புறப்பட்டேன். முப்பது வருடம் பெட்டிக்குள் கிடக்கும் தட்டுகளால் யாருக்கு என்ன பயன் என்பதே என் எண்ணமாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இறங்கி, காங்கேசன்துறை வீதியால் போகும் பஸ்ஸில் மாறி ஏறினேன். கொக்குவில், தாவடி தாண்டினால் இணுவில். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெயர் போன ஊர் அது. அப்படியான ஊரில்தான் அத்தான் ஒலிபெருக்கிச் சேவை நடத்தினார். கோயில் திருவிழா, கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் அவரது புனல் ஸ்பீக்கர்கள் பனையிலும் தென்னையிலும் ஏறும்.

வீட்டுப் படலையைத் திறந்தபோது அக்கா விறாந்தையில் பாய் விரித்து, தட்டுகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தா. பழைய ஓட்டுக்கூரை கழற்றும் வேலை தொடங்கியிருந்தது. அதனால் எல்லாம் வெளியே வந்திருந்தன.

"வா பிள்ளை. முதலிலை கையைக் கழுவிப்போட்டு வா" என்றா. தேத்தண்ணி பிறகுதான் வந்தது.

கை கழுவி வந்ததும் தட்டை எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் காட்டினா. விளிம்பை ஒரு கையாலும் நடுவிலுள்ள லேபலை மற்றக் கையாலும் தாங்க வேண்டும். பாட்டு இருக்கும் பள்ளத்தில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் தூசு ஒட்டும். தூசு பள்ளத்துக்குள் இறங்கினால் ஊசி அதன்மேல் ஓடித் தட்டைத் தேய்க்கும்.

அங்கே இரண்டு வகைத் தட்டுகள் இருந்தன. ஒன்று நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும் பழைய தட்டு. அரக்குச் சேர்த்துச் செய்தது. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடமே பாடும். கை தவறினால் ஓடுபோல உடையும். மற்றது எல்பி. இது 1948 இல் அமெரிக்காவில் வந்த வகை. வைனைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனதால் இலகுவில் உடையாது. ஆனால் வெக்கைக்கு வளைந்துவிடும். அரக்குத் தட்டை ஸ்பிரிற் போட்டுத் துடைக்கக் கூடாதாம், அரக்கு கரைந்துவிடுமாம்.

"இதெல்லாம் ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"அரைவாசி அவர் சொன்னது. மிச்சம் தொண்ணூற்றைஞ்சு சொல்லித் தந்தது" என்றா அக்கா.

1995 ஒக்ரோபர் 30 ஐ எங்களில் யார் மறப்போம்? வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். அன்றிரவு மழை. நாவற்குழிப் பக்கம் சனம் அசைய முடியாமல் நெருங்கி நின்றது. அத்தானின் சைக்கிளில் முன்னால் பிள்ளை, பின்னால் அரிசியும் ஒரு தட்டுக் கட்டும். நூறு எல்பி இருபது கிலோவுக்கு மேல் பாரம் வரும். நானூறு தட்டை யார் சுமப்பது? மிச்சத்தில் கொஞ்சத்தைத் தகரப் பெட்டியில் நிமிர்த்தி அடுக்கிப் பூட்டினார். நேரம் போதாமல் மற்றவற்றை நிலத்திலே ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து, அக்காவின் சேலையால் மூடிவிட்டு வந்தார்.

1996 சித்திரையில் திரும்பி வந்து பார்த்தபோது கூரையின் ஒரு பக்கம் இல்லை. குவித்து வைத்தவற்றில் அடியிலிருந்த அரக்குத் தட்டுகள் மேற்பாரத்தால் வெடித்திருந்தன. எல்பிகள் அப்பளம்போல நெளிந்திருந்தன. மட்டைகளைக் கறையான் தின்றிருந்தது. தகரப் பெட்டியில் நிமிர்ந்து நின்றவை மட்டும் தப்பின. சாவி கொடுத்துப் பாடும் கிராமபோனைக் காணவில்லை. கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் அயலட்டைச் சனம் மாலையில் கூடியிருந்து பாட்டுக் கேட்ட பெட்டி அது.

அதே வருடம் ஆவணியில், சைக்கிளில் கடைக்குப் போன அத்தான் திரும்பி வரவில்லை. அக்கா ஏறாத வாசல் இல்லை, எழுதாத கடிதம் இல்லை.

அன்று தொடக்கம் அக்கா தட்டுகளைத் தன் அனுபவத்தாலேயே பராமரித்து வந்திருக்கிறா. வேப்பிலை போட்டுப் பார்த்தா; காய்ந்து நொறுங்கிய துகள் கீறியதால் விட்டுவிட்டா. தடித்த பிளாஸ்டிக் உறை வாங்கினா. அது வெக்கையில் இளகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. இப்போது எழுத்து அச்சடிக்காத வெள்ளைத் தாளில் உறை வெட்டி ஒட்டுகிறா. கார்த்திகை, மார்கழி மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே தை பிறந்ததும் எல்லாவற்றையும் நிழலில் காற்றாட வைத்து, மெல்லிய பருத்தித் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடைக்கிறா. வெயிலில் ஒருநாளும் வைப்பதில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் நான் வந்த விடயத்தைச் சொன்னேன். மகள் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த தட்டை உறைக்குள் போட்டுவிட்டுச் சொன்னா:

"அவர் வந்து கேட்டால் எங்கை எண்டு நான் சொல்லவேணும். வராட்டிலும் பழுதாக விட ஏலாது. இந்த வீட்டிலை அவர் என்னட்டை ஒப்படைச்சிட்டுப் போனது பிள்ளையையும் இதையும்தான்."

அதற்குமேல் விலை பற்றி நான் பேசவில்லை. மகளும் பேசவில்லை.

பிற்பகல் மூன்று பேருமாக இடம் பார்த்தோம். புதிதாகக் கட்டிய அறை பார்வைக்கு அழகு. ஆனால் மேலே கொங்கிறீற். இரவு எட்டு மணிக்கும் வெக்கை இறங்காது. மேற்குச் சுவரும் கூடாது. கடைசியில் ஓடு மாற்றும் நடு அறைதான் சரி என்று முடிவானது. கூரையிலிருந்து கழற்றிய பனஞ்சலாகைகளில் நல்லவற்றைத் தெரிந்து தச்சரிடம் கொடுத்தோம். தட்டு ஒரு அடி அகலம் என்பதால் 13 அங்குல ஆழம். சாய்ந்து நின்றாலும் வளையும் என்பதால் அரை அடிக்கு ஒரு குறுக்குப் பலகை. அலுமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல்லின்மேல் நிற்கும். கறையான் புற்று எழுப்பினால் உடனே கண்ணில் படும்.

இரவு நான் ஒரு கொப்பியில் இலக்கமிட்டு எழுதினேன். மொத்தம் 161. 1962 இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசிக்க எஸ். ஜானகி பாடிய பாட்டும் அதில் இருந்தது. அது 78 தட்டு. பக்கத்து ஒழுங்கையில் றேடியோ திருத்தும் தம்பி ஒரு பிளேயர் கொண்டுவந்தார். ஆனால் எல்பி ஊசியை 78 தட்டில் வைக்கக் கூடாது, அதன் பள்ளம் அகலமானது என்றார். ஆகவே ஒரு நாதஸ்வர எல்பியைப் போட்டோம். கரகரப்போடு தொடங்கியது. தகப்பனின் முகம் சரியாக நினைவில்லாத மகள் நிலத்தில் இருந்து கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் தானே கை கழுவி வந்து தட்டை எடுத்தாள்.

மறுநாள் காலையில் கொழும்புக்காரருக்கு அவளே சொன்னாள், விற்பதில்லை என்று.

சகோதரிகளே, உங்களிடமும் ஒருவருடைய சட்டை, கடிதம், சைக்கிள் இருக்கலாம். வைத்திருப்பதா, கொடுப்பதா, விற்பதா என்று முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. மூன்றிலும் பிழையில்லை. வைத்திருப்பதானால் துடைத்து, காற்றாட வைத்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைக்கும் தொடக் கற்றுக்கொடுங்கள். உங்களுக்காக அவசரப்பட்டு முடிவெடுக்க வருபவர்களிடம், முதலில் கையைக் கழுவிப்போட்டு வரச் சொல்லுங்கள். அப்படிப் போனவள்தான் நானும்.