ராக் இசைக்கு ஒரு பஞ்சாயத்து மண்டபம்!

‘பீட்டில்ஸ்தான் டாப்’ என்பார் ஒருவர். ‘லெட் செப்பலின் பக்கத்தில் நிற்க முடியுமா?’ என்பார் இன்னொருவர். உலகமெங்கும் ரசிகர்கள் போடும் இந்தச் சண்டைக்கு ஒரு முகவரி உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் ‘ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ மியூசியம்.

பாரிஸின் லூவர் மியூசியத்துக்குக் கண்ணாடிப் பிரமிடு தந்த ஐ.எம்.பெய் வடிவமைத்தது இது. திறக்கப்பட்டது 1995-ல். ஏன் கிளீவ்லாந்து? 1950-களில் ‘ராக் அண்டு ரோல்’ என்ற பெயரை ஆலன் ஃப்ரீட் பிரபலமாக்கியது இந்த ஊர் ரேடியோவில்தான்.

முதல் இசைத்தட்டு வந்து 25 ஆண்டுகள் ஆனால்தான் இங்கே கௌரவம் கிடைக்கும். பீட்டில்ஸ் 1988-லும், ரோலிங் ஸ்டோன்ஸ் 1989-லும் நுழைந்துவிட்டனர். கிட்டார் பழகுபவர்கள் எல்லோரும் வாசித்துப் பார்க்கும் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ தந்த டீப் பர்ப்பிளுக்கோ 2016-ல்தான் கதவு திறந்தது. அதைப் பார்க்க அதன் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் இல்லை. 2012-லேயே காலமாகிவிட்டார். ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறதுதானே?

இங்கே போகிறவர்கள் மடி வாட்டர்ஸ் பெயரையும் தேடிப் பாருங்கள். பீட்டில்ஸுக்கு ஓர் ஆண்டு முன்பே இடம்பிடித்த கறுப்பின ப்ளூஸ் கலைஞர். ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பெயரையே இவர் பாட்டிலிருந்துதான் எடுத்தார்கள்.

யார் பெரியவர் என்ற சண்டை ஓயாது. யார் யாரிடம் கற்றார்கள் என்பதற்கு மட்டும் இங்கே பதில் கிடைக்கும்!